சொற்பிறப்பு: செவி மட்டும் சான்றாகுமா?

ஆங்கில அகராதியில் அரிய சொல்லொன்றைக் கண்டால் மாணவர் பலர் அதன் பொருளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகின்றனர். வேறு சிலரோ, ஓசை சற்றே ஒத்துவந்தால் போதும், 'இது நம் மொழிச் சொல்லே' என மேடையிலேயே தீர்ப்பளித்து விடுகின்றனர். முன்னது சோம்பல்; பின்னது அவசரம். இவ்விரண்டையும் தவிர்த்துச் சொல்லின் பிறப்பை அறியும் நெறியைச் சில சொற்களைக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

'செரண்டிபிட்டி' என்பது தேடாத நற்பொருளைத் தற்செயலாகக் கண்டடையும் பேறு. இச்சொல்லுக்குப் பிறந்தநாளே உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754 ஜனவரி 28இல் எழுதிய கடிதம் ஒன்றில் இதனைப் படைத்தார். செரண்டிப் இளவரசர் மூவரைப் பற்றிய கீழ்த்திசைக் கதையே அதற்கு வித்து. இலங்கையை அராபியர் அழைத்த 'சரந்தீப்' என்னும் பெயரே அங்ஙனம் திரிந்தது.

'ஜெனித்' என்றால் வான் உச்சி. 'சம்த்' என்னும் அரபுச் சொல்லுக்கு வழி என்பது பொருள். தலைக்கு நேர்மேலான வழியை அரபு வானநூலார் 'சம்த் அர்-ரஃஸ்' என்றனர். இலத்தீனில் படியெடுத்தோர் 'ம்' ஒலிக்குரிய எழுத்தை 'னி' எனப் பிழைபட வாசித்தனர். அப்பிழையே நிலைபெற்றுவிட்டது!

கணிதத்தில் வரும் 'சைன்' இன்னும் வியப்பானது. வில்நாணைக் குறிக்கும் 'ஜ்யா', 'ஜீவா' என்னும் வடசொற்களை இந்தியக் கணிதர் ஆண்டனர். அராபியர் அதனை ஒலிபெயர்த்து 'ஜீப' என்றனர். உயிர்க்குறியின்றி எழுதுகையில் அது 'ஜைப்' எனவும் வாசிக்கத்தக்கதாயிற்று. ஜைப் என்பது ஆடையின் மார்புத் திறப்பு, மடிப்பு. 12ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்த்தோர் அப்பொருளையே கொண்டு இலத்தீனில் 'சைனஸ்' என்றனர். நம் சட்டையின் 'ஜேபி'யும் அந்த ஜைப்பின் வழிவந்ததே. ஆகவே கணித வகுப்பின் சைனும் நம் ஜேபியும் உறவினர் என்றால், கேட்போர் நகைப்பர். ஆயினும் அஃது உண்மை.

இனி மறுபக்கம். தமிழ் 'எட்டு', ஆங்கில 'எய்ட்' இரண்டும் ஓசையாலும் பொருளாலும் ஒத்தவை. உறவுண்டா? இல்லை. ஆங்கிலச் சொல்லின் பழவடிவம் 'எயஹ்டா'. இலத்தீன் 'ஆக்டோ', வடமொழி 'அஷ்ட' ஆகியன அதன் உடன்பிறப்புகள். நம் எட்டோ 'எண்' என்னும் அடியினது; எண்பது, எண்ணூறு என்பவற்றை நோக்குக. ஒத்துவந்தவை உறவில்லாதன, ஒவ்வாதவை உறவுடையன!

எனவே, ஒரு சொல் நம்முடையது என்று சொல்லுமுன் அதன் பழவடிவம் யாது, எம்மொழி வழியாக வந்தது, எந்நூற்றாண்டில் எழுத்தில் ஏறியது என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனதற்குச் சான்று உண்டு. அதனை உரக்கச் சொல்வோம். சான்றில்லாத இடத்தில் அமைதி காப்போம். தமிழுக்குப் பெருமை சேர்க்கப் பொய்ச்சான்று வேண்டுவதில்லை. அது வெளிப்படும் நாளில் மெய்ச்சான்றும் ஐயத்திற்கு இடமாகும். இதனை மாணவச் செல்வங்கள் மறவாதிருத்தல் நன்று.