இரையும் கம்ப்யூட்டரும் எல்லை தாண்டும் பேரமும்

பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லைக் கிராமங்களில் டைப்பிங் கடையானாலும் சங்க ஆபீசானாலும், மேஜைக்கடியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று மாவு மில் போல இரைவது வழக்கம். "வேலைதான் நடக்கிறதே" என்று விட்டுவிடுவோரே அதிகம். அது தவறு.

பின்பக்கம் காதை வைத்துப் பாருங்கள். மின்சார வயர் செருகும் இடத்தில் சத்தம் என்றால், குறை 'எஸ்.எம்.பி.எஸ்.' பெட்டியின் விசிறியில். 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது இப்பெட்டியே. விசிறி நின்றால் சூடேறிப் பெட்டி கெடும். மதர்போர்டும், எழுதிவைத்த கணக்கும் கூடப் போகலாம்.

பெட்டியைப் பிரித்து விசிறியை மட்டும் மாற்ற முயலாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம். முழுப் பெட்டியையே மாற்றுவது உத்தமம். பெரும்பாலும் நான்கு திருகுகள், 24 முனை இணைப்பு, 4 அல்லது 8 முனை இணைப்பு, டிஸ்க் வயர்கள், அவ்வளவே. புதியதன் வாட் அளவு பழையதற்குக் குறையக்கூடாது. சில கம்பெனிகளின் இணைப்பு வேறுபடும். பழைய பெட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

களியக்காவிளையில் வாங்கினால் வரி மிச்சமா? 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. விகிதம் இரு பக்கமும் ஒன்றே. பில்லில்லாமல் மலிவாகக் கிடைப்பதற்கு வாரண்டி கேட்க முடியாது. திரும்பப் போய்க் கேட்க வசதியான கடையில், பில்லோடு வாங்குவதே லாபம்.