பனியாற்றின் அடித்தளம்

பனிப்பாறை என்னும் சொல் பொதுவழக்கில் இரு வேறு பொருள்களைச் சுமக்கிறது. கடலில் மிதக்கும் பனித்திட்டும் பனிப்பாறை. கங்கோத்ரி போல மலைப்பள்ளத்தாக்கில் இறங்கிவரும் பனிப்பெருக்கும் பனிப்பாறை. பின்னதைப் பனியாறு என்று வழங்குவதே பொருந்தும் என நாம் கருதுகிறோம். பாறை என்றவுடன் மாணவர் மனத்தில் அசைவின்மை குடிகொள்கிறது. ‘அது எதன்மேல் ஓடுகிறது?’ என்னும் வினா எழுவதேயில்லை.

பனியாறு தன் எடையால் உள்ளுக்குள்ளேயே நெகிழ்ந்து மெல்ல இழியும். அடி முழுதும் பாறையோடு உறைந்து ஒட்டியிருப்பின் அவ்வளவே. நிலத்தின் உள்வெப்பத்தாலும் உராய்வாலும் அடிப்பனி உருகி நீர் தங்குமாயின், அது வழுக்கியும் செல்லும். கல்லும் களியும் கலந்த சேறு அடியில் இருப்பின் அதுவும் உடன் நெகிழும். இச்சேற்றிற்கு அளறு என்னும் பழஞ்சொல்லை ஆளலாம். குறளில் அது நரகத்தைச் சுட்டுவது கண்டு மாணவர் அஞ்ச வேண்டியதில்லை.

நீர் மிகுந்தால் வேகம் மிகும் என்று கூறி முடித்துவிட இயலாது. நீர் எவ்வாறு நிற்கிறது என்பதே முதன்மையானது. நம் செம்பனைத் தோட்டத்து மண்சாலையை எண்ணிப் பார்ப்போம். வடிகால் திறந்திருந்தால் பெருமழைக்குப் பின்னும் சாலை விரைவில் இறுகும். அடைபட்டால் நீர் பரவி, லோரிச் சக்கரம் சறுக்கும். அலாஸ்காவின் வேரியகேட்டட் பனியாறு 1982-83இல் திடீரெனப் பாய்ந்தது. உச்சத்தில் நாளொன்றுக்கு 50 மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. அடியில் வடியாது நின்ற நீர், அழுத்தம் மிகுந்து பனியைத் தாங்கியமையே காரணம். 1983 ஜூலைத் தொடக்கத்தில் அந்நீர் வெள்ளமாய் வெளியேறிற்று. பாய்ச்சலும் உடனே அடங்கிற்று.

அதனை ஆராய்ந்தவருள் ஒருவரான பார்க்லி காம்பின் பெயரை அண்டார்க்டிகாவின் பனியோடை ஒன்று தாங்குகிறது. அவ்வோடை சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய நின்றுவிட்டது. அண்டையிலுள்ள வில்லான்ஸ் ஓடையோ நெகிழ்ந்த அளற்றின்மேல் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்கிறது. குளிர் இரண்டிற்கும் ஒன்றே; வேறுபாடு அடித்தளத்து நீரில் உள்ளது என்பர் ஆய்வாளர்.

சுங்கை பெசாரிலிருந்து கோலசிலாங்கூர் வரை நம் வயல்களும் தோட்டங்களும் தாழ்நிலத்தில், கரையோர மண்ணணையின் காவலில் உள்ளன. அவ்வணை இனி எவ்வளவு உயர வேண்டும் என்று கணிப்போர், அண்டார்க்டிகப் பனி எவ்வளவு விரைந்து கடலை அடையும் என்பதையும் அறிந்தாக வேண்டும். அதற்குப் பனியின் அடியை எட்ட வேண்டும். வில்லான்ஸ் ஓடையின் அடியிலுள்ள ஏரியை எட்டுவதற்கு, 2013 ஜனவரியில், சுமார் 800 மீட்டர் பனியை ஆய்வாளர் வெந்நீர் பாய்ச்சித் துளைத்தனர்.