மூன்று மாதச் சர்க்கரையும் பழுதடைந்த சிறுநீரகமும்

நீண்டகாலச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் நலியத் தொடங்கிய பின், மருந்தும் உணவும் மாறாமலேயே இரத்தச் சர்க்கரை குறைந்துவருவதுண்டு. நோய் கட்டுக்குள் வந்துவிட்டதாக எண்ணிக் குடும்பத்தார் மகிழ்வது ஆபத்தான பிழையாகும். இன்சுலினைச் சிதைத்து அகற்றும் உறுப்புகளுள் சிறுநீரகமும் ஒன்றாதலால், அது பழுதடைந்தால் ஊசியாகப் போட்டுக்கொண்ட இன்சுலின் இரத்தத்தில் நெடுநேரம் தங்கிவிடுகிறது. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் வீரியமுள்ள எச்சங்களும் வெளியேறாமல் தேங்குகின்றன. அளவு குறைக்கப்படாத பழைய மருந்தே அப்போது வியர்வை, நடுக்கம், நினைவு தப்புதல் எனத் தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடக்கூடும்.

பலரும் நம்பியிருக்கும் ஹெச்பிஏ1சி என்னும் 'மூன்று மாதச் சர்க்கரை'ப் பரிசோதனையும் இந்நிலையில் தடுமாறுகிறது. சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதையே அது அளக்கிறது. ஏறத்தாழ 120 நாள் வாழும் சிவப்பணு, சிறுநீரக நோயில் முன்னதாகவே அழிந்துவிடுகிறது. இரத்தசோகைக்காகப் போடப்படும் எரித்ரோபாய்டின் ஊசியோ, சர்க்கரை ஒட்ட அவகாசமில்லாத இளம் அணுக்களைப் பெருக்குகிறது. ஆகவே 7 சதவீதம் என்றால் சராசரி 154 மில்லிகிராம் என்ற வழக்கமான கணக்கு இவர்களுக்குப் பொருந்துவதில்லை; உண்மைச் சர்க்கரை அதைவிட மிகுந்திருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலோ, முடிவு எதிர்த்திசையில், கூடுதலாகக் காட்டும்.

டயாலிசிஸ் நிலையை எட்டியவர்களிடம் இப்பரிசோதனையின் நம்பகத்தன்மை குறைவு என்பதைக் கேடிகோ என்னும் சர்வதேச அமைப்பின் 2022 வழிகாட்டுதலும் ஏற்கிறது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரும், தோலடித் திரவத்திலுள்ள சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கும் கைச் சென்சாரும் இவர்களுக்கு அதிகம் உதவும். இரவில் சர்க்கரை சரிவதையும், டயாலிசிஸின்போது தாழ்ந்து பின்னர் ஏறுவதையும் மூன்று மாதச் சராசரி காட்டுவதே இல்லை.

வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அதில் பயன்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் உடலில் மால்டோஸாக மாறுகிறது. ஜிடிஹெச்-பிக்யூக்யூ என்னும் நொதி கொண்ட ஸ்டிரிப்கள் மால்டோஸையும் குளுக்கோஸாகக் கணக்கிட்டுவிடும். சர்க்கரை 50க்குக் கீழே இறங்கியிருக்க மீட்டர் 200 எனக் காட்டினால், அதை நம்பிப் போடப்படும் இன்சுலின் உயிரையே பறிக்கலாம். இத்தகைய 13 மரணங்கள் பதிவான நிலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரிக்கை விடுத்தது. எனவே, இத்திரவத்தைப் பயன்படுத்துபவர் வேறு மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்கப்படும்போது குடும்பத்தார் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிறுத்திய பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு மால்டோஸ் இரத்தத்தில் தங்கியிருக்கும்.