திரையிலிருந்து நாவலுக்கு: ஒரு காதற்கதையின் இடப்பெயர்வு

எமிலி ஹென்றியின் ‘பீப்பிள் வீ மீற் ஒன் வெக்கேசன்’ (2021) என்னும் அமெரிக்க நாவல், நோறா எஃப்றன் எழுதி றொப் றைனர் நெறிப்படுத்திய ‘வென் ஹரி மெற் சலி’ (1989) என்ற காதல் நகைச்சுவைத் திரைப்படத்தின் வழித்தோன்றலாகும். இரண்டிலும், சிக்காகோப் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்படும் காரொன்றில் இயல்பால் முரண்பட்ட இருவர் நெடுந்தூரம் சேர்ந்து செல்கின்றனர். காதலோ பல்லாண்டுகள் கழிந்தே கைகூடுகிறது.

ஆணும் பெண்ணும் நண்பராயிருத்தல் இயலுமா என்பதே திரைப்படத்தின் வினா. அவர்தம் தொழில்கள் அங்கு வெறும் பின்னணியே. நியூயோர்க்கின் வீட்டு வாடகை எவரையும் வருத்துவதில்லை! நாவலிலோ தடை வாழ்நிலையிற் கிடக்கிறது. பொப்பி, நியூயோர்க்கிலுள்ள சொகுசுச் சஞ்சிகையொன்றின் செலவில் உலகஞ் சுற்றுபவள். அலெக்ஸ், தாயை இளமையிலேயே இழந்து, தம்பியரின் பொறுப்பைச் சுமந்தவன். ஒகையோ மாநிலத்துச் சொந்த ஊரிலேயே ஆசிரியனாக இருப்பவன். எங்கே, எவ்வுழைப்பில் சேர்ந்து வாழ்வது என்பதே இவர்களுடைய சிக்கல். திரைப்படம் எழுப்பாத இவ்வினாவை எழுப்பியமையே நாவலின் பலம் எனலாம்.

ஆயினும் கதை முழுவதையும் பொப்பியே தன்மையிற் கூறுவதால், ஹரிக்கும் சலிக்கும் சமமாய்க் கிடைத்த குரல் அலெக்ஸுக்கு வாய்க்கவில்லை. அவனது அச்சங்களை அவள் ஊகித்தே அறிகிறாள், நாமும் அவ்வாறே. இறுதியில் அவள் உளச்சிகிச்சையை நாடுகிறாள், வேலையையும் துறக்கிறாள். அவளைச் சலிப்புறச் செய்த அத்தொழிலின் இயல்போ விசாரிக்கப்படாமலே விடப்படுகிறது.