கேட்டதைக் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடுமா?

அடம்பிடிக்கும் பிள்ளைக்குக் கேட்டதையெல்லாம் கொடுத்தால் அது கெட்டுப்போகும் என்பது மேலைநாட்டுப் பிள்ளை வளர்ப்பு நூல்களில் அடிக்கடி வரும் எச்சரிக்கை. பம்பி சாப்பின் என்ற அமெரிக்க மானிடவியலாளர் கண்டிப் பக்கத்துச் சிங்களக் கிராமமொன்றில் தங்கி ஆராய்ந்தபோது கண்டது வேறு. அங்கே சின்னப் பிள்ளை அழுதால் தாய் கேட்டதைக் கொடுத்துவிடுகிறாள். ஆனால் மனமில்லாமல், அது பிழை என்பதை முகத்தில் காட்டிக்கொண்டு. அதே பிள்ளை சில வருடங்களில் எதையும் வாய்விட்டுக் கேட்காமல், பெரியவர்கள் தருவதை ஏற்கும் பிள்ளையாகிவிடுகிறது. 2014 இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். வெள்ளவத்தை அம்மம்மா ஒருவருக்கு இதில் பெரிய புதினம் இராது. விருத்தி உளவியல் படிக்க நினைக்கும் உயர்தர மாணவர்தான் இதைக் கவனிக்கவேண்டும்.

கருவிலிருந்து முதுமைவரை மனிதர் எப்படி மாறுகிறார் என்று ஆராய்வது விருத்தி உளவியல். இலங்கையில் அது பெரும்பாலும் உளவியல் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகவே வருகிறது. பேராதனையிலும் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்திலும் உளவியல் படிக்கலாம், கொழும்பில் தனியார் நிறுவனங்களும் உண்டு. பாடநூல்களோ பெரும்பாலும் மேற்கிலிருந்து வருபவை. சுவிஸ் உளவியலாளர் பியாஜே பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சி பற்றிய தன் கோட்பாட்டின் தொடக்கப் பகுதியைக் கட்டியது தன் சொந்தப் பிள்ளைகள் மூவரைக் கவனித்து. அது ஒரு மனிதரின் பழைய கதை என்று தள்ளவும் முடியாது: ஆறு முன்னணி அமெரிக்க உளவியல் சஞ்சிகைகளை உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் அலசி 2008 இல் எழுதிய கட்டுரையின்படி, ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 68 சதவீதமானோர் அமெரிக்கர், 96 சதவீதமானோர் மேலைத் தொழில்மய நாட்டவர். ஆகவே இந்தப் படிப்பில் நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது முடிவுகளை அல்ல, கவனிக்கும் முறையை என்பதே என் கருத்து.

மனித மூளை எங்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஜெனீவாவிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளை தவழ்ந்து, எழுந்து, நடக்கத்தான் போகிறது. ஆனால் பேச்சுக்கு வந்தால் கதை மாறும். வீட்டில் தமிழ், ஒழுங்கையில் சிங்களம், நேர்சரியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் பிள்ளை பின்தங்கியதாகத் தெரியும். எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணினால் அந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. குறை அளவுகோலில். இதைக் கண்டுபிடிக்கப் புள்ளிவிபரவியலும் ஆய்வுமுறையும் தெரியவேண்டும். கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வேலை கிடைக்குமா என்பது பெற்றோரின் கேள்வி, நியாயமான கேள்வி. இளநிலைப் பட்டம் மட்டும் யாரையும் மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு மேற்படிப்பு வேண்டும். ஆனால் முன்பள்ளிகளுக்கும் விசேட கல்விக்கும் பிள்ளையைப் பார்க்கத் தெரிந்தவர்கள் தேவை. பத்து வயதுப் பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ரியூஷனுக்கு அனுப்பும் ஊரில், அந்த வயது மனதை இந்த மண்ணிலேயே ஆராய ஆள் வேண்டாமா? சேருவதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளை நேரில் கவனிக்கும் பயிற்சியும் சொந்த ஆய்வும் அதில் இல்லையென்றால், வேறு இடம் பாருங்கள்.