மண்ணுக்குள் கிடப்பதும் அமானிதமே

 

2007ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு நாள். வட இங்கிலாந்தின் ஹரோகேட் நகருக்கு அருகேயுள்ள வயலொன்றில் ஒரு தந்தையும் மகனும் நடந்துகொண்டிருந்தனர். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டித்தரும் கருவி அவர்களின் கையில் இருந்தது. ஓரிடத்தில் அது ஒலியெழுப்பியது. மண்ணை அகழ்ந்தபோது, பொன்முலாம் பூசப்பட்ட வெள்ளிக் கிண்ணமொன்று வெளிப்பட்டது. அதற்குள் நாணயங்களும் வெள்ளித் துண்டுகளும் மண்ணோடு மண்ணாக இறுகிக் கிடந்தன.

அவ்விருவரும் அந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கொட்டவில்லை. கிடைத்தவற்றைக் கழுவிப் பார்க்கவுமில்லை. இருந்தவாறே அதற்குரிய அலுவலரிடம் ஒப்படைத்தார்கள். பிரித்தானிய நூதனசாலையின் வல்லுநர்கள் அதனைப் பொறுமையாகத் திறந்தபோது 617 வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. ஏறத்தாழ கி.பி. 927ஆம் ஆண்டளவில், வைக்கிங் செல்வந்தர் ஒருவர் மறைத்து வைத்த பொருள் அது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்நாணயங்களுள் இஸ்லாமிய உலகின் திர்ஹம்களும் இருந்தன. சமர்கந்தில் அச்சிடப்பட்ட திர்ஹமும் அவற்றுள் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மத்திய ஆசியாவின் அங்காடியில் புழங்கிய நாணயம், கைமாறிக் கைமாறி, ஓர் ஆங்கிலேய வயலின் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்தது!

அந்தத் தந்தையும் மகனும் முஸ்லிம்கள் அல்லர். ஆனால், கண்டெடுத்த பொருளை உரிய இடத்தில் சேர்ப்பித்த அவர்களின் செயலை எண்ணிப் பாருங்கள். அமானிதத்தைப் பற்றி மிம்பர்களில் கேட்டு வளர்ந்த நாம், அந்த நிலையில் என்ன செய்திருப்போம்?

இந்தப் பொழுதுபோக்கு எத்தகையது?

மெட்டல் டிடெக்டர் என்று சொல்லப்படும் கருவியைக் கொண்டு விவசாய நிலங்களில் பழைய நாணயங்களையும் நகைகளையும் தேடுவது பிரித்தானியாவில் பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்காகும். விடுமுறை நாட்களில் நண்பர்கள் குழுவாகச் சென்று, உழுத வயல்களில் வரிசையாக நடந்து தேடுவார்கள். அந்நாட்டில் குடியேறி வாழும் நம் உறவினர்களின் பிள்ளைகளும் இதில் ஆர்வம் கொள்ள இடமுண்டு. எனவே இதன் தன்மையையும் ஒழுங்குகளையும் அறிந்திருப்பது பயன்தரும்.

கருவியின் அடியில் வட்டமான கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். அதனூடாகச் செல்லும் மின்னோட்டம் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றது. அந்தப் புலத்திற்குள் ஓர் உலோகப் பொருள் அகப்பட்டால், அதிலே சிறிய மின்னோட்டங்கள் எழுந்து, வேறொரு மெல்லிய காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். கருவி அதனை உணர்ந்து ஒலியாக மாற்றுகின்றது. எனினும் சாதாரணக் கருவிகள் சிறு நாணயமொன்றை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரையில்தான் காட்டும். கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை துருப்பிடித்த ஆணிகளும் பானங்களின் தகர மூடிகளுமே. ஆண்டுக்கணக்கில் தேடியும் ஒரு பொற்காசையேனும் காணாதோர் ஏராளம். ஆகவே இது பணம் சம்பாதிக்கும் வழியன்று; பொறுமையைப் பயிலும் வழி என்பதே பொருந்தும்.

பொருளை விட அதன் இடம் முக்கியமானது

1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி, கிழக்கு இங்கிலாந்தின் ஹொக்சன் கிராமத்தில் ஒரு விவசாயி தமது சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தருமாறு, இக்கருவியை வைத்திருந்த தமது நண்பரிடம் கேட்டுக்கொண்டார். சுத்தியலைத் தேடச் சென்ற நண்பருக்குப் பொற்காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் கிடைத்தன. சிலவற்றை எடுத்த பின்னர் அவர் தோண்டுவதை நிறுத்திக்கொண்டார். நிலவுரிமை பெற்றவர்களுக்கும் பொலிஸாருக்கும் செய்தி சென்றது. மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து, முறைப்படி அகழ்ந்தனர்.

அங்கே கிடைத்தவை ஏறக்குறைய 15,000 உரோம நாணயங்கள். அவற்றோடு தங்க நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் இருந்தன. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோம ஆட்சி தளர்ந்த காலத்தில், ஒரு செல்வக் குடும்பம் அவற்றை மரப்பெட்டியில் அடுக்கிப் புதைத்திருந்தது. மரம் உக்கிப் போயிருந்தும், எந்தப் பொருள் எதற்கருகில் வைக்கப்பட்டிருந்தது என்பதை அறிய முடிந்தது. அவர் ஆசை மேலீட்டால் முழுவதையும் வாரி அள்ளியிருந்தால், அந்த அறிவு என்றென்றைக்கும் அழிந்திருக்கும். அவருக்கு வழங்கப்பட்ட 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் வெகுமதியை அவர் அந்த விவசாயியுடன் பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் பின்னர் கிடைத்தது. அதுவும் இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது.

இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இவ்விடயத்தை ஒழுங்குபடுத்துகின்றது. காணிச் சொந்தக்காரரின் அனுமதியின்றித் தேடலாகாது. புதையல் என்று கருதத்தக்க பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். நூதனசாலை அதனை வாங்கிக்கொள்ளுமாயின், சந்தைப் பெறுமதிக்கு ஈடான வெகுமதி வழங்கப்படும். பொதுவாக அது கண்டெடுத்தவருக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கும் இடையே பங்கிடப்படும். புதையலல்லாத சிறு பொருட்களையும் பதிவு செய்வதற்கென 1997ஆம் ஆண்டு முதல் ஒரு திட்டம் இயங்கி வருகின்றது. இதுவரை 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் பதிவாகியுள்ளன.

இரு நண்பர்களின் வீழ்ச்சி

இனி, மறுபக்கத்தையும் பாருங்கள். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஹெரபோர்ட்ஷயர் பகுதியின் வயலொன்றில் நண்பர்கள் இருவர் தேடிக்கொண்டிருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் புதைக்கப்பட்ட தங்க மோதிரம், தங்கக் காப்பு, பளிங்குப் பதக்கம், வெள்ளிக் கட்டி ஆகியவற்றுடன் ஏறத்தாழ 300 நாணயங்கள் அவர்களுக்குக் கிடைத்ததாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. சட்டப்படி அறிவித்திருந்தால் அவர்களும் பெரும் வெகுமதிக்கு உரித்துடையோராகியிருக்கக் கூடும்.

ஆனால் ஆசை அவர்களின் கண்களை மறைத்தது. நகைகளைக் காட்டிவிட்டு நாணயங்களை மறைத்தனர். இரகசியமாக விற்கவும் முயன்றனர். வயலில் எடுத்த படங்களைக் கைத்தொலைபேசியிலிருந்து அழித்தனர். அழித்த படங்களைப் பொலிஸார் மீட்டெடுத்தனர். 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நீதிமன்றம் ஒருவருக்கு 10 ஆண்டுகளும் மற்றவருக்கு எட்டரை ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதித்தது. பின்னர் மேன்முறையீட்டில் அத்தண்டனைகள் குறைக்கப்பட்ட போதிலும், போன பெயர் மீளவில்லை. நாணயங்களுள் பெரும்பாலானவை அப்போது மீட்கப்பட்டிருக்கவுமில்லை.

இழப்பு அவர்களோடு நின்றுவிடவில்லை. அந்நாணயங்கள் ஒரே காலத்தில் வாழ்ந்த இரு மன்னர்கள் நட்புறவுடன் செயற்பட்டதைக் காட்டுகின்றன. அவர்களுள் ஒருவரைப் பிற்காலத்து எழுத்துக்கள் இழிவாகவே சித்திரித்திருந்தன. அவரது கண்ணியத்திற்குச் சான்று பகர்ந்த நாணயங்களே இருட்டறைப் பேரங்களில் சிதறிப்போயின. மறைத்து எடுக்கப்பட்ட ஒவ்வொரு காசும் மறைக்கப்பட்ட சாட்சியாகும்.

ஷரீஆ காட்டும் வழி

அன்புச் சகோதரர்களே! பூமிக்குள் கிடைக்கும் செல்வத்தைப் பற்றி நமது மார்க்கம் தெளிவாகவே பேசியுள்ளது. அறியாமைக் காலத்தவர்கள் புதைத்த செல்வத்திற்கு ‘ரிகாஸ்’ என்று பெயர். அதில் ஐந்தில் ஒரு பங்கு கடமையாகும் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவான நபிமொழியின் கருத்தாகும். நாம் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, பிறருக்குச் சொந்தமான நிலத்தில் கிடைக்கும் புதையல் கண்டெடுத்தவனுக்கு உரியதாகிவிடாது; நிலத்தின் உரிமையாளரிடமே அதன் உரிமை பற்றிய பேச்சு செல்லும். இன்னொருவர் தவறவிட்ட பொருளோ ‘லுகதா’ எனப்படும். அதன் பையையும் அடையாளங்களையும் குறித்துக்கொண்டு, ஓராண்டு காலம் அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வயலில் கிடைப்பது நேற்று ஒரு சகோதரி தொலைத்த மோதிரமாகவும் இருக்கலாமல்லவா? அதனைப் புதையல் என்று சொல்லிப் பைக்குள் இடுவது எவ்வாறு ஹலாலாகும்?

நபி (ஸல்) அவர்கள் முன்னைய சமுதாயத்து மனிதர்கள் இருவரின் நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்கள். ஒருவர் மற்றவரிடமிருந்து நிலம் வாங்கினார். அதில் பொன் நிறைந்த குடமொன்று கிடைத்தது. தாம் வாங்கியது நிலத்தையே, பொன்னையல்ல எனக் கூறி, வாங்கியவர் அதனைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். நிலத்தையும் அதிலுள்ளதையும் சேர்த்தே விற்றுவிட்டதாகக் கூறி, விற்றவர் ஏற்க மறுத்தார். இருவரும் ஒரு மனிதரிடம் தீர்ப்புக் கேட்டுச் சென்றனர். ஒருவருக்கு மகனும் மற்றவருக்கு மகளும் இருப்பதை அவர் அறிந்து, அவ்விருவருக்கும் திருமணம் செய்து வைத்து, அப்பொன்னை அவர்களுக்குச் செலவிடுமாறும் தர்மம் செய்யுமாறும் தீர்ப்பளித்தார்.

‘எனக்கு வேண்டும்’ என்பதற்காக அல்ல, ‘எனக்கு உரியதல்ல’ என்பதற்காக வழக்காடியவர்கள் அவர்கள்! ஹெரபோர்ட்ஷயர் வயலில் நின்ற இரு நண்பர்களுள் ஒருவரேனும் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால், இருவருமே சிறைவாசலைக் கண்டிருக்க மாட்டார்கள்.

நமது நாட்டில் நிலை என்ன?

பிரித்தானியாவில் நடப்பதைக் கேட்டு, நம் பிள்ளைகள் இங்கும் கருவியுடன் புறப்பட்டுவிடக் கூடாது. இலங்கையின் சட்டம் முற்றிலும் வேறானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னும் கண்டுபிடிக்கப்படாத தொல்பொருள் அரசுக்கே உரியதாகும். காணி நம்முடையது என்பதனால் மாத்திரம் அதிலுள்ள தொல்பொருள் நம்முடையதாகிவிடாது. அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருட்களைத் தேடி அகழ்வது குற்றமாகும். புதையல் தோண்டச் சென்று கைதானோர் பற்றிய செய்திகள் நமது பத்திரிகைகளுக்குப் புதியவையல்ல. மந்திரவாதியின் சொல்லை நம்பிப் பலி கொடுத்துத் தோண்டுவோர், சட்டத்தோடு ஈமானையும் இழக்கின்றனர். யுத்தம் நடைபெற்ற பிரதேசங்களிலோ, மண்ணுக்குள் ஒலியெழுப்பும் உலோகம் வெடிக்காத வெடிபொருளாகவும் இருக்கலாம்.

கிணறு வெட்டும்போதோ வயலை உழும்போதோ தற்செயலாகப் பழம்பொருள் ஏதும் தென்பட்டால், வேலையை நிறுத்துங்கள். பொருளை அசைக்காது, பொலிஸாருக்கோ தொல்பொருள் திணைக்களத்திற்கோ அறிவியுங்கள். ஒருபோதும் அதனைத் தேய்த்துக் கழுவாதீர்கள். நாணயத்தின் எழுத்துக்கள் அதனால் அழிந்துவிடும்.

இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும்

இளைஞனே! அனுமதி உள்ள நாட்டில் நண்பர்களுடன் இவ்வாறு தேடச் செல்வாயாயின், போகுமுன்னரே உங்களுக்குள் உடன்பாடு செய்துகொள். யாருடைய நிலம், யாரிடம் அனுமதி பெறுவது, கிடைப்பதை எங்கே அறிவிப்பது, வெகுமதி வந்தால் எவ்வாறு பங்கிடுவது என்பவற்றை எழுதி வைத்துக்கொள். பொன்னைக் கண்ட பின்னர் எழுதப்படும் உடன்பாட்டில் நட்பு நிலைப்பது அரிது. தோண்டிய குழியை மூடு. திறந்த படலையைச் சாத்து. உழவு மண்ணுக்குக் கீழே ஏதும் தென்பட்டால் கையை எடுத்துவிடு. வெகுமதி கிடைப்பின் அதில் கடமை என்ன என்பதை உலமாக்களிடம் கேட்டறிந்துகொள்.

பெற்றோர்களே! பிள்ளை எதையேனும் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது, அதன் விலையை முதலில் கேட்காதீர்கள். ‘இது யாருடையது மகனே?’ என்று கேளுங்கள். வழியில் கிடந்த பேனையாயினும், வகுப்பறையில் கிடந்த பத்து ரூபாவாயினும் அவ்வாறே கேளுங்கள். சிறு வயதில் அக்கேள்வியைக் கேட்டு வளரும் பிள்ளை, நாளை யாருமற்ற வயலில் தனித்து நிற்கும்போதும் அதனைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்குர்ஆன் (4:58) பணிக்கின்றது. அந்தக் கட்டளை மனிதர் பார்க்கும் இடத்திற்கு மாத்திரமன்று, மண்ணுக்கடியில் மறைந்திருப்பதற்கும் உரியதே. வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் அமானிதம் பேணும் நன்மக்களாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.