வயிற்றில் பால் வார்த்தல்

வட மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைநகர் மாயாபந்தர். இங்கு வாழும் தமிழ்க் குழந்தைகள் பலர் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் இந்தியும், வகுப்பறையில் ஆங்கிலமும் பேசுகின்றனர்.

ஒரு மாலை. அண்டைத் தீவுக்குப் படகில் சென்ற தந்தை, காற்றும் மழையும் வலுத்ததால் இருட்டிய பின்னும் கரை திரும்பவில்லை. தொலைபேசியில் செய்தி கேட்ட தமிழ்நாட்டுப் பாட்டி, "வயிற்றில் புளியைக் கரைக்கிறதே!" என்றார். மறுநாள் காலை, "அப்பா வந்துவிட்டார், பாட்டி" என்று பேத்தி கூறினாள். "என் வயிற்றில் பாலை வார்த்தாய், தாயே!" என்றார் பாட்டி. இரவில் புளி, காலையில் பால்; பாட்டி என்ன உண்டார் என்று பேத்திக்கு விளங்கவில்லை. உண்மையில், அன்றிரவு பாட்டி எதுவுமே உண்ணவில்லை.

சொற்கள் தம் நேர்ப்பொருளை விட்டு, வழிவழியாக வழங்கும் வேறு பொருளைத் தந்தால் அது மரபுத்தொடர் எனப்படும். 'வயிற்றில் புளியைக் கரைத்தல்' என்பது பெரும் அச்சத்தைக் குறிக்கும். 'வயிறு எரிதல்' என்பது பொறாமையையோ ஆற்றாமையையோ குறிக்கும். எரியும் வயிற்றைப் பால் குளிர்விக்கும். ஆதலால் கவலையைத் தீர்க்கும் நற்செய்தியைக் கூறுவது 'வயிற்றில் பால் வார்த்தல்' ஆயிற்று.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்னும் தனி இயலே உண்டு. அச்சம், வெகுளி, உவகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளை அது கூறுகிறது. மரபுத்தொடர்கள் பலவும் அவ்வாறே உள்ளத்தின் நிலையை உடலின்மேல் ஏற்றிச் சொல்கின்றன.

பிற மொழிகளுக்கும் இவ்வழக்கம் உண்டு. வயிற்றில் எலிகள் ஓடுகின்றன என்று இந்தியில் கூறினால், கடும்பசி என்பது பொருள். வயிற்றில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன என்று ஆங்கிலத்தில் கூறினால், தேர்வுக்கோ மேடைக்கோ முன் தோன்றும் படபடப்பு என்பது பொருள். வயிறு ஒன்றே, அதில் புளியும் எலியும் வண்ணத்துப்பூச்சியும் வெவ்வேறு உணர்ச்சிகளைச் சுட்டுகின்றன.

எனவே, மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தல் கூடாது. பாட்டி கூறியதை வகுப்புத் தோழிக்கு விளக்க விரும்பும் பேத்தி, பாலையும் வயிற்றையும் விட்டுவிட்டு, பாட்டி அடைந்த ஆறுதலையே கூறவேண்டும். ஆயினும், பாட்டியிடம் பேசும்போது அவருடைய சொற்களையே ஆளலாம். தொலைவில் இருப்பவரின் மனத்தை அறிய அச்சொற்களே துணை.

பயிற்சி
1. 'உச்சி குளிர்தல்', 'கை கொடுத்தல்', 'தலை குனிதல்' ஆகியவற்றின் மரபுப்பொருளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.
2. அவற்றுள் ஒன்றை அமைத்து, ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக.